மீன் சாப்பிடாத மாஸ்டரும் மீன் புழுவும்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கேன்டீனில் இருபத்தெட்டு வருஷமாகச் சமைக்கிற மாஸ்டருக்கு மீன் பிடிக்காது. பிடிக்காது என்றால், பசித்தால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிடுகிற பிடிக்காது இல்லை. சின்ன வயதில் ஒருநாள் தொண்டையில் முள் சிக்கி, நாலு பேர் கை காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதை எடுத்தார்கள். அன்றிலிருந்து மீன் என்றாலே அவருக்குக் குடலைப் புரட்டும். ஆனால் சமைப்பார். வியாழக்கிழமைதோறும் இருநூற்று நாற்பது பேருக்கு மீன் உருண்டை செய்து போடுவார். சாப்பிடாத பண்டத்தை எப்படி இவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், "பல் டாக்டர் என்ன, பல்லையா திங்கறாரு?" என்று திருப்பிக் கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

அவருடைய மனைவி பிறந்த வீட்டில் மீன் இல்லாமல் அடுப்பு அணைந்த நாள் குறைவு. கல்யாணமாகி மூன்றாம் நாள், புருஷனை அசத்த வேண்டும் என்று நாலு துண்டு வறுத்து வைத்தாள். மாஸ்டர் உள்ளே வந்தார், தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்தினார், போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். "இந்த வீட்டுல மீன் வேணாம்மா," என்றார். அந்த ஒரு தடவைதான் சொன்னார். அவள் சட்டியோடு பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அப்புறம் முப்பது வருஷம் அந்த வீட்டில் மீன் வாங்கவில்லை. வெளியில் எங்காவது சாப்பிட்டு வந்தாலும் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுகிறார் என்று, அவள் வெளியிலும் விட்டுவிட்டாள். குறை சொல்லாமல் விட்டாள். அதனால் மாஸ்டர் அதைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. வாய் திறந்து கேட்காதவர்களின் குறை நம் ஆண்களின் காதில் எப்போது விழுந்திருக்கிறது?

அப்படி இருந்தவருக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியவில்லை. சாப்பாடு இறங்குகிறது, உடம்பில் ஒட்டவில்லை. வயசாகிறது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். பிறகு ஒருநாள் காலையில் கழிவறையிலிருந்து முகம் வெளுத்து வெளியே வந்தார்.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். மிஷின் பக்கத்தில் வெள்ளை நாடா சுருள் சுருளாகக் கிடக்கும்.

"உன் நாடா எப்படி உள்ள வந்துச்சு?" என்றார் மாஸ்டர்.

"எந்த நாடா?"

"வெள்ளை நாடா. தட்டையா. அங்க கிடக்குது."

அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தன் நாடாக்களை எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. "இது என்னோடது இல்லங்க," என்றாள். "உங்களோடது. கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்."

டாக்டரம்மா மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் இருவரும் மறுபடி போய் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார்.

"மீன் எப்படிச் சாப்பிடுவீங்க? பச்சையாவா, அரை வேக்காடாவா?"

"நான் மீனே சாப்பிட மாட்டேன் டாக்டர்."

"எப்பவாவது?"

"எப்பவுமே."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "உங்க வயித்துல இருக்கறது நாடாப்புழு. அதுல பல வகை இருக்கு. இது மீன்லேருந்து வர்றது. சரியா வேகாத மீனைச் சாப்பிட்டாதான் வரும். முட்டையைப் பாத்து லேப்ல உறுதியா சொல்லிட்டாங்க. உங்க சத்தை அது உறிஞ்சிக்குது, அதான் கால் மரத்துப்போகுது."

"அப்ப வேற யாரோடதையோ மாத்திட்டாங்க."

"டப்பாவுல பேர் எழுதிக் கொண்டுவந்தது யாரு?"

கொண்டுவந்தது அவர்தான். பேரும் அவர் கையெழுத்துதான். இருந்தாலும் விடவில்லை. "நான் என்ன பூனையா டாக்டர், பச்சை மீன் திங்கறதுக்கு?"

"பயப்படாதீங்க. ஒரே வேளை மாத்திரை, போயிடும். உங்ககிட்டேருந்து நேரா இன்னொருத்தருக்கு ஒட்டாது. ஆனா எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியணும். இல்லேன்னா மறுபடி வரும். நல்லா யோசிங்க."

மருந்துக்கடையில் அந்த மாத்திரை அப்போது இல்லை. வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். இருவரும் நடந்து வீட்டுக்கு வந்தார்கள். வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. காய்கறிக் கடையைத் தாண்டினாள், நிற்கவில்லை. தெருமுனையில் எதிர்ப்பட்டவர் நலம் விசாரித்ததற்கும் பதில் இல்லை. மாஸ்டர் அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டார். நம்மை நினைத்துத்தான் கவலைப்படுகிறாள், பாவம் என்று உள்ளுக்குள் உருகிக்கூடப் போனார்.

கதவைச் சாத்தியதும் அவள் கேட்டாள்: "யார் வீட்டுல?"

"என்ன யார் வீட்டுல?"

"மீன்."

மாஸ்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். இருபத்தெட்டு வருஷ வேலையில் கொதிக்கிற எண்ணெய் காலில் கொட்டியிருக்கிறது, ஒரு மேனேஜர் முகத்துக்கு நேரே கத்தியிருக்கிறார், அப்போதெல்லாம் இப்படிக் கதிகலங்கியதில்லை. "நான் எங்கயும் சாப்பிடல," என்றார். "உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சதைத்தான் கேக்கறேன். முப்பது வருஷமா மீன் இல்லாத வீடு இது. உங்களுக்குப் பிடிக்காதுன்னு நான் விட்டேன். இப்ப மீன்ல வர்ற பூச்சி என் வயித்துல இல்ல, உங்க வயித்துல இருக்கு. எவ கையால சாப்பிட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு அவள் கேட்கவும் இல்லை, பேசவும் இல்லை. தட்டை வைப்பாள். அதைத் தரையில் வைக்கும் சத்தத்திலேயே மீதி எல்லாம் இருக்கும்.

மாஸ்டர் யோசித்தார். இதுவரை உப்பு, காரம், புளிப்பு தவிர வேறொன்றையும் யோசித்துப் பழக்கமில்லாத தலை அது. முதலில் தண்ணீர் என்று நினைத்தார். மொட்டை மாடித் தொட்டியைத் திறந்து பார்த்தார். நாலு காய்ந்த இலை கிடந்தது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பூனை. அது மீன் தின்கிறது, சன்னல் வழியாக வந்து பாலை நக்குகிறது. இதை அவளிடம் சொன்னார்.

"அந்தப் பால்ல நானும்தான் டீ குடிக்கறேன்," என்றாள் அவள். அன்று பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

மீன் வேகும்போது வரும் ஆவி மூக்கு வழியாகப் போயிருக்கலாமோ என்று தோன்றியது. மீன் அரியும்போது கை கீறி, அந்த வழியாக ஏறியிருக்குமோ என்று தோன்றியது. ஒவ்வொன்றும் தோன்றும்போது 'இதேதான்' என்று இருக்கும். பல் தேய்த்து முடிப்பதற்குள் அசட்டுத்தனமாகத் தெரியும்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தாள். "அப்பா, எங்கயோ வெளியில சாப்பிடறீங்களாமே? அம்மா அழறாங்க."

"நான் எங்கயும் சாப்பிடலம்மா."

"சாப்பிட்டிருந்தா சொல்லிடுங்கப்பா. ஃப்ரெண்டு யாராவது கூப்பிட்டுப் போயிருப்பீங்க. அதுல என்ன இருக்கு? மறைக்கறதுதான் தப்பு."

தோளில் போட்டு வளர்த்த பெண்ணே நம்பவில்லை. அந்த இடத்தில்தான் மாஸ்டருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. இத்தனை பேரும் காகிதமும் ஒன்றைச் சொல்லும்போது, தான் ஒருத்தன் மட்டும் இல்லை என்றால் யார் பைத்தியம்? மனைவியிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏம்மா, நான் தூக்கத்துல எந்திரிச்சு எங்கயாவது போறேனா?"

"போற எடத்தை நீங்கதான் சொல்லணும்," என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வியாழக்கிழமை வந்தது. கேன்டீனில் மாஸ்டருக்குத் துணைக்கு ஒரு அம்மாள் உண்டு. கண்ணில் தண்ணீர் வராமல் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிப்பதால் எல்லோருக்கும் அவர் வெங்காயக்காரம்மா. அவரிடம் மாஸ்டர் தன் துக்கத்தைக் கொட்டினார்.

"நீங்களா? மீனா?" வெங்காயக்காரம்மா கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். "பதினோரு வருஷமா பக்கத்துலயே நிக்கறேன். நீங்க ஒரு செதில் தின்னு நான் பாத்ததில்ல. கோயில்ல வேணா வந்து சத்தியம் பண்றேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். யாரு கேக்கறா?"

இதைச் சொல்லும்போது மாஸ்டர் பெரிய பாத்திரத்தில் பச்சை மீன் விழுதைப் பிசைந்துகொண்டிருந்தார். முள் நீக்கிக் கொத்திய ஏரி மீன், வெங்காயம், மிளகு, ரொட்டித் தூள், முட்டை. பிசைந்தது சேர்ந்து வந்ததும், விரல் நுனியில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தார், முன்பல்லால் இரண்டு தரம் அரைத்தார், தொட்டிப் பக்கம் திரும்பித் துப்பினார், இன்னும் அரைப் பிடி உப்பை அள்ளிப் போட்டார். வெங்காயக்காரம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"கடவுளுக்குத் தெரியும் மாஸ்டர்," என்றார் வெங்காயக்காரம்மா. "நீங்க வருத்தப்படாதீங்க."

நமக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சமையல்காரர்களுக்குச் சாப்பிடுவது வேறு, உப்பு பார்ப்பது வேறு. ஒருநாளைக்கு நாற்பது தடவை வாயில் வைத்துவிட்டு, காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை என்பார்கள். பொய் சொல்வதாக அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது.

வெள்ளிக்கிழமை மாத்திரை வந்தது, விழுங்கினார். வயிற்றுக்கு வழி பிறந்தது. வீட்டுக்குப் பிறக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவள் தன் துணிகளில் சிலதை மட்டும் தனியாக மடித்து வைத்திருப்பதைப் பார்த்தார். மகள் வீட்டுக்குப் போகப்போகிறாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் ஆமாம் என்றுவிடுவாளே. சமையலறைக்குப் போய்க் காலிப் பாத்திரம் ஒன்றை எடுத்துவந்து, அவள் தையல் மிஷினுக்கு எதிரே வைத்தார்.

"வியாழக்கிழமை காலையிலேருந்து நான் செய்யறது அத்தனையும் ஒண்ணு விடாம செஞ்சு காட்டறேன்," என்றார். "நீயே பாரு. அந்தக் கேன்டீனை விட்டு எப்ப வெளிய போறேன், எப்ப யார் வீட்டுல உக்காந்து சாப்பிடறேன், நீயே கண்டுபிடி. அதுக்கு அப்புறம் எங்க வேணா போ."

அவள் மிஷினைக் கொஞ்சம் மெதுவாக மிதித்தாள்.

மாஸ்டர் ஆரம்பித்தார். வெறும் காற்றில் செதில் சீவினார், குடல் எடுத்தார், முள் உருவினார். "இப்ப வெங்காயக்காரம்மா வெங்காயம் குடுக்கும்," என்று கை நீட்டி வாங்கினார். இல்லாத மீனைக் கொத்தினார், இல்லாத முட்டையை உடைத்து ஊற்றினார். பாத்திரத்துக்குள் கையை விட்டுப் பிசைந்தார். கையை எடுத்தார், வாய்க்குக் கொண்டுபோனார், சன்னல் பக்கம் திரும்பித் துப்பினார். "இப்ப உருட்ட ஆரம்பிப்பேன்," என்றார்.

மிஷின் நின்றது.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"உருட்டறேன்."

"அதுக்கு முன்னாடி."

"பிசைஞ்சேன்."

"வாயில என்ன போட்டீங்க?"

"வாயிலயா? நானா? ஒண்ணும் போடலயே."

"மறுபடி செய்ங்க."

மறுபடி செய்தார். பிசைந்தார், கை மேலே போனது, துப்பினார். துப்பியது அவருக்குத் தெரியவே இல்லை. மூன்றாம் தடவை அவள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். கை கிளம்பி மோவாய்க்கு வந்ததும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். யாருடைய கையோ அங்கே வந்து நிற்பதுபோல் இருந்தது.

"இது... உப்பு பாக்கறது," என்றார்.

"எதுல உப்பு பாக்கறீங்க?"

"விழுதுலதான்."

"வெந்ததா, வேகாததா?"

"வேகாததுதான். உருட்டிக் குழம்புல போட்டப்புறம் உப்பு பாத்து என்ன பண்ண? உள்ள போய் உப்பு வெக்க முடியுமா?" சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "ஆனா துப்பிடுவேன்மா. முழுங்க மாட்டேன். அது சாப்பிடறது இல்லையே?"

திங்கட்கிழமை டாக்டரம்மா இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க மேஜை டிராயரைத் திறந்து எதையோ தேடினார். "கடுகளவு உள்ள போனா போதுங்க," என்றார். "அந்தப் புழுக்குஞ்சு மீன் சதைக்குள்ள இருக்கும், கண்ணுல படறதே கஷ்டம். துப்பினா எல்லாமா வெளிய வந்துடும்?"

"இருபத்தெட்டு வருஷமா இதைத்தான் பண்றேன் டாக்டர். இப்ப மட்டும் எப்படி?"

"முன்னாடி என்ன மீன் வாங்குவீங்க?"

மாஸ்டர் இழுத்து இழுத்துச் சொன்னார். முன்பெல்லாம் கல்லாக உறைந்த மீன்தான் பெட்டி பெட்டியாக வரும், வாரக்கணக்கில் உறைபெட்டியில் கிடக்கும். இது மீனா, சவமா என்று ஒவ்வொரு மேனேஜரிடமும் சண்டை போட்டவர் அவர்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்த புது மேனேஜர்தான் அவர் கத்தலைத் தாங்காமல், ஏரியில் அன்றன்றைக்குப் பிடித்த மீனுக்கு ஏற்பாடு செய்தார். முதல் வாரம் மாஸ்டர் அந்த மீனின் கண்ணைத் திறந்து திறந்து காட்டி எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டார்.

"அதேதான்," என்றார் டாக்டரம்மா. "நல்லா கடுமையா, ஒரு வாரம் போல உறைஞ்சு கிடந்தா புழு செத்துடும். நல்லா வெந்தாலும் செத்துடும். எலுமிச்சை பிழிஞ்சாலும் சாகாது, மிளகு போட்டாலும் சாகாது. நீங்க சண்டை போட்ட அந்த உறைபெட்டிதான் இத்தனை வருஷம் உங்களைக் காப்பாத்தியிருக்கு. சாப்பிட்டவங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காது, அவங்க வெந்ததைத்தானே சாப்பிட்டாங்க. இனிமே சின்னதா ஒரு உருண்டை தனியா வேக வெச்சு உப்பு பாருங்க."

அவ்வளவு சுலபமான வழி ஒன்று இருந்ததே என்று மாஸ்டருக்குக் கோபம்கூட வந்தது.

வெளியே வந்ததும் அவள் சிரித்தாள். படியில் ஆரம்பித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் வந்தது. காய்கறிக் கடையில் நின்று கத்தரிக்காயைத் தேர்ந்தெடுக்கும்போதும் தோள் குலுங்கியது. மாஸ்டருக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனவள், பையைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

மாஸ்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "இப்ப எதுக்கு அழறே? நான் எங்கயும் போகலன்னுதான் தெரிஞ்சு போச்சே?"

"அதான் அழறேன்."

"அதுக்கா அழுவாங்க?"

"யாரோ இருநூத்தி நாப்பது பேருக்கு உப்பு சரியா இருக்கணும்னு, குடலைப் புரட்டற மீனைப் பச்சையா வாயில வெச்சிருக்கீங்க, வாரா வாரம்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்காக ஒரே ஒரு நாள் வெந்த மீன் வாடையை உங்களால பொறுத்துக்க முடியல. வியாழக்கிழமை உங்க சட்டையை மட்டும் ஏன் வாஷிங் மிஷின்ல போடாம கையால துவைக்கறேன்னு நெனச்சீங்க? முகத்துல வெச்சு வெச்சு மோந்து பாப்பேன். அப்புறம்தான் தண்ணியில போடுவேன். இருபத்தெட்டு வருஷமா எனக்கு மீன்னா அதுதான்."

மாஸ்டர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வரும்போது காகிதத்தில் சுற்றிய மீன் நாலு துண்டு இருந்தது. அவளை அடுப்புப் பக்கம் வரவிடவில்லை. கழுவினார், மசாலா தடவினார், சட்டியில் போட்டு ஒரு பக்கம் சிவந்து மறு பக்கம் சிவந்த பிறகும் நம்பாமல், நடுவில் கரண்டியால் பிளந்து, சதை உள்வரைக்கும் வெளுத்து உதிர்கிறதா என்று பார்த்தார். மறுபடியும் மூடி வேகவிட்டார். கை இரண்டு தடவை வாயை நோக்கிக் கிளம்பியது. இரண்டு தடவையும் அதட்டி இறக்கினார். அந்த வாடை வீடெல்லாம் நிறைந்தது. அவருக்குக் கண்ணில் நீர் கட்டியது. மூக்கைப் பொத்தவில்லை.

தட்டில் வைத்து அவள் முன்னால் நகர்த்தினார். எதிரே உட்கார்ந்தார். அவள் ஒரு விள்ளல் பிட்டு, முள்ளைத் தடவிப் பார்த்து எடுத்து ஓரத்தில் வைத்தாள். அந்த விரல்களுக்கு ஒன்றும் மறந்திருக்கவில்லை. வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லுவதை நிறுத்தினாள், மறுபடி மென்றாள்.

அந்த முகத்தைப் பார்த்து மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நன்றாக இருக்கிறதா, இல்லையா, அழப்போகிறாளா, சிரிக்கப்போகிறாளா? வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் சமைத்ததைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டார்.

"உப்பு சரியா இருக்கா?"

"நீங்க உப்பே போடல," என்றாள் அவள், வாய் நிறைய.

மாஸ்டர் பதறி எழுந்து தட்டை இழுத்தார். அவள் இடது கையால் தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுங்க," என்றாள். "முப்பது வருஷம் கழிச்சு சாப்பிடறேன். உப்புக்காகவா நிறுத்துவேன்?"